கேன்சர் முத்திப் போன அம்மாவை வீட்டுலயே வச்சுப் பாத்துக்க முடியுமா?

முடியும்ங்க. எங்க அம்மாவை கடைசி அஞ்சு மாசம் வீட்டுலதான் வச்சுப் பாத்தோம். மார்புல வந்த கேன்சர் முதுகெலும்பு வரைக்கும் போயிருச்சு, இனிமே வீட்டுல வச்சுப் பாத்துக்கங்கன்னு ஆஸ்பத்திரில அனுப்பிட்டாங்க, ஆனா வலிக்கு என்ன பண்றதுன்னு ஒருத்தரும் சொல்லல. படுத்தா வலிக்குதுன்னு ராத்திரி பூரா சுவத்துல சாஞ்சு உக்காந்தே இருப்பாங்க.

2021-ல தமிழ்நாடு அரசு ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல சுகர் பிரஷர் மாத்திரை வீட்டுக்கு வர்றது எல்லாருக்கும் தெரியும், படுக்கைல கிடக்கறவங்களைப் பாக்க நர்ஸும் வருவாங்கன்னு எனக்கு பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் தெரியும். அந்த நர்ஸ் மூலமாத்தான் டாக்டர் வலிக்கு மார்ஃபின் மாத்திரை எழுதினாரு. என் தம்பி போதை மருந்தைக் குடுக்காதக்கான்னு சண்டையே போட்டான். வலிக்கு டாக்டர் சொன்ன அளவுல குடுத்தா அப்படி அடிமையாக மாட்டாங்கன்னு நர்ஸ்தான் அவனை உக்கார வச்சு சொன்னாங்க. எங்களுக்கு எழுதினது காலைல 6, 10, மத்தியானம் 2, சாயந்தரம் 6, ராத்திரி 10 மணிக்கு மட்டும் டபுள் டோஸ், நடுராத்திரில எழுப்ப வேண்டாம்னு. ஒரு நாள் அம்மா வலி இல்லன்னு சொன்னாங்கன்னு மாத்திரையை மிச்சம் பிடிச்சேன், அன்னிக்கு ராத்திரி அவங்க துடிச்சதை இன்னமும் மறக்க முடியல. வலி வர்றதுக்காக காத்திருக்காதீங்க, மணி பாத்து குடுங்க. மலச்சிக்கல் கண்டிப்பா வரும், அதுக்கும் சேத்தே மருந்து கேட்டு வாங்குங்க. சாதாரண மெடிக்கல்ல மார்ஃபின் கிடைக்காது, அனுமதி உள்ள ஆஸ்பத்திரிலதான் வாங்கணும்.

வலியை விட அம்மாவை ரொம்ப ஒடுக்குனது மார்புல இருந்த கேன்சர் புண்ணோட வாடைதான். ஊதுவத்தி ஏத்தி வச்சுக்கிட்டு பேரனைக் கூட கிட்ட விட மாட்டாங்க. நர்ஸ் மெட்ரோனிடசோல் மாத்திரையை நல்லா பொடி பண்ணி புண்ணு மேல தூவி கட்டுப் போட்டாங்க, நாலஞ்சு நாள்ல வாடை நல்லா குறைஞ்சுது, அம்மாவே அவனைக் கூப்பிட்டு பக்கத்துல படுக்க வச்சுக்கிட்டாங்க.

கடைசி ரெண்டு நாள் தண்ணியே இறங்கல. பட்டினியா அனுப்பாதடின்னு சித்தி பால் ஊத்த வந்தாங்க, புரை ஏறிடும்னு தடுத்துட்டு ஈரப் பஞ்சால உதட்டை மட்டும் நனைச்சுட்டே இருந்தோம்.

நீங்க நாளைக்கே உங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு டிஸ்சார்ஜ் சம்மரியோட போயி, வீட்டுக்கு வர்ற நர்ஸ் வேணும்னு கேளுங்க. வலி எவ்வளவு, எப்ப வருதுன்னு ஒரு நோட்டுல எழுதி எடுத்துட்டு போங்க.