வீட்டுக் கடன் இருந்தால் பழைய வரி முறைதான் லாபமா?

கேள்வி: என் ஆண்டுச் சம்பளம் 14 லட்சம் ரூபாய், மனைவிக்கு 9 லட்சம். தாம்பரம் அருகே கட்டுமானத்தில் இருந்த அடுக்குமாடி வீட்டுக்காக 2023 ஜூனில் கடன் வாங்கினேன். 2025 டிசம்பர் இறுதியில்தான் வீடு கைக்கு வந்தது. அதுவரை மாதம் 15,000 ரூபாய் வாடகை கொடுத்தோம். பத்திரம் இருவர் பெயரிலும், கடன் என் பெயரில் மட்டும் உள்ளன. வரிச் சலுகைக்காக மனைவியையும் கடனில் சேர்க்கலாமா?

பதில்: வரிச் சலுகை ஒன்றுதான் காரணம் என்றால் வேண்டாம். குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்கு ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரையிலும், அசலுக்கு 1961 வருமான வரிச் சட்டத்தின் 80சி பிரிவில் பி.எஃப். முதலியவற்றோடு சேர்த்து 1.5 லட்சம் வரையிலும் கிடைக்கும் கழிவுகள் (வரி கணக்கிடும் முன் வருமானத்திலிருந்து குறைக்கப்படும் தொகைகள்) பழைய வரி முறையைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு மட்டுமே உரியவை. வீட்டுக் கடன் வாங்கிய பலரும் யோசிக்காமலே பழைய முறையில் நீடிக்கிறார்கள். உங்கள் விஷயத்தில் அது நஷ்டம்.

2025-26 நிதியாண்டுக்குக் கணக்கிட்டுப் பார்ப்போம். பழைய முறையில் சம்பளதாரர்களுக்குப் பொதுவாகக் கிடைக்கும் நிலைக்கழிவு (ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன்) 50,000, வட்டி 2 லட்சம், 80சி 1.5 லட்சம் என 4 லட்சம் போக, 10 லட்சத்துக்கு செஸ் உட்பட 1,17,000 ரூபாய் வரி வரும். கழிவுகளும் வரி விகிதமும் குறைவாக உள்ள புதிய முறையில் நிலைக்கழிவு 75,000 மட்டுமே என்றாலும், மீதி 13.25 லட்சத்துக்கு வரி 81,900 ரூபாய்தான். பழைய முறை உங்களுக்கு லாபமாக வேண்டுமானால் இன்னும் சுமார் 1.69 லட்சத்துக்குக் கழிவு தேவை. ஒன்பது மாத வாடகையே 1.35 லட்சம்தான், அதிலும் அடிப்படைச் சம்பளத்தில் 10 சதவீதம் போக மிஞ்சுவதற்கு மேல் வீட்டு வாடகைப்படி விலக்கு கிடைக்காது. மூத்த குடிமக்களான பெற்றோருக்கும் மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் கட்டுகிறீர்கள் என்றால், இந்த ஓர் ஆண்டு மட்டும் வித்தியாசம் குறையலாம். இரு முறைகளிலும் கணக்கிட்டுவிட்டுத் தாக்கல் செய்யுங்கள். தொழில் வருமானம் இல்லாத சம்பளதாரர், அலுவலகத்தில் எதைச் சொல்லியிருந்தாலும், உரிய தேதிக்குள் தாக்கல் செய்யும்போது முறையை மாற்றிக்கொள்ளலாம்.

உங்கள் மனைவிக்குப் புதிய முறையில் நிலைக்கழிவு போக 8.25 லட்சம் வருமானம். 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் வரியே இல்லை. வரியே இல்லாதவருக்குக் கழிவால் பயன் ஏது?

என்றாவது பழைய முறைக்குத் திரும்பினால், பத்திரம், கடன் இரண்டிலும் பெயர் உள்ளவருக்குத்தான் கழிவு கிடைக்கும் என்பதோடு மேலும் இரண்டு விதிகளைக் கவனிக்க வேண்டும். கடன் வாங்கியதிலிருந்து 2025 மார்ச் 31 வரை கட்டிய வட்டியை, வீடு முடிந்த ஆண்டு தொடங்கி ஐந்து சம தவணைகளாக, அதே 2 லட்சம் வரம்புக்குள் கோரலாம். வீடு கைக்கு வந்த நிதியாண்டு முடிந்து ஐந்து ஆண்டுகளுக்குள் விற்றால், அசலுக்காக முன்பு பெற்ற 80சி கழிவு வருமானத்தில் திரும்பச் சேர்க்கப்படும்.

வீட்டை வாடகைக்கு விட்டால் புதிய முறையிலும் வட்டியைக் கழிக்கலாம். ஆனால் வாடகையைத் தாண்டிய நஷ்டத்தைச் சம்பளத்தில் ஈடுகட்ட முடியாது. மனைவி தன் பங்குக்குச் சொந்தப் பணம் போட்டிருந்தால், அந்தப் பங்கின் வாடகை அவருடைய வருமானத்தில் சேரும். அதையும் சேர்த்து 12 லட்சத்துக்குள் இருக்கும்வரை, இன்றைய விதிப்படி அவர் வரி கட்ட வேண்டியதில்லை.