தோசைக்கும் தொப்பிக்கும் ஒரே ரவை

வணக்கம்.

நான் திருநெல்வேலிக்காரி. வேலைக்காகச் சென்னை வந்து மூன்று வருடம் ஆகிறது. போன மார்கழியில் தோழிகளோடு நாலைந்து சபாக்களுக்குப் போனேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், போனது கேண்டீனுக்காகத்தான். கீரை வடை, அடை அவியல், அசோகா என்று ஒன்றையும் விடவில்லை. இரண்டு கச்சேரிகளிலும் உட்கார்ந்தோம். பாட்டு பிடித்திருந்தது. மிருதங்கம் தனியாக வாசிக்க ஆரம்பித்ததும் பாதி அரங்கம் எழுந்தது, நாங்களும் எழுந்தோம். அப்போது போனால்தான் கேண்டீனில் இடம் கிடைக்கும் என்று பக்கத்து இருக்கை மாமி சொன்னார். இந்த வருடம் கொஞ்சம் ஒழுங்காகப் போகலாம் என்றிருக்கிறேன். எந்த சபாவில் கேண்டீன் நன்றாக இருக்கும்? ராகம் எதுவும் தெரியாமல் போய் உட்காரலாமா? யுனெஸ்கோ சென்னையை இசை நகரம் என்று அறிவித்திருக்கிறதாமே, அதற்கென்று தனி நிகழ்ச்சி உண்டா?

ம., சோழிங்கநல்லூர்

அன்புள்ள ம.,

கேண்டீனுக்காகப் போனதை ஏதோ திருட்டுப்போல ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். வேண்டாம். வடை வாசனை பிடித்து உள்ளே வந்து பாட்டில் மாட்டிக்கொண்டவர்கள் இந்த ஊரில் ஏராளம். அது நல்ல வழிதான்.

யுனெஸ்கோ அறிவித்தது 2017இல். பட்டம் வந்ததால் பாட்டு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ராகம் தெரியாமல் உட்காரலாமா என்றால், சாம்பாரில் என்ன பருப்பு என்று தெரிந்துகொண்டா சாப்பிட்டீர்கள்? எந்தக் கேண்டீன் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒப்பந்தக்காரர் மாறினால் கை மாறும், போன வருடத்து ருசியை இந்த வருடம் தேடிப் போய் ஏமாறுவீர்கள். உள்ளே நுழைந்ததும் எந்த மேசையில் என்ன திரும்பத் திரும்பப் போகிறது என்று பார்த்து அதையே கேளுங்கள்.

ஆனால் தனி ஆரம்பித்ததும் எழுந்தோம் என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதை விட முடியாது. அந்த மாமியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நீங்கள் எழுந்து போனது எதற்கு? ரவா தோசைக்கு என்று வைத்துக்கொள்வோம். அந்த ரவை மேடையிலேயே இருந்தது, பார்த்தீர்களா? மிருதங்கத்தின் இடது பக்கத்துக்குத் தொப்பி என்று பெயர். கச்சேரிக்குச் சற்று முன்னால் அதன் நடுவில் வெள்ளையாக ஒரு வட்டம் ஒட்டுவார்கள். அது ரவைதான், நம் வீட்டு டப்பாவில் இருக்கிற அதே ரவை. மெல்லியதாக எடுத்து, தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பிசைவார்கள். விரலில் ஒட்ட வேண்டும், வழியக் கூடாது. தோலின் நடுவை லேசாக ஈரப்படுத்தி, உருண்டையை அழுத்தி, நடுவில் கனமாகவும் ஓரத்தில் மெல்லியதாகவும் விரலால் பரப்புவார்கள். தட்டிப் பார்ப்பார்கள். சுருதி ஏறியிருந்தால் இன்னும் ஒரு சிட்டிகை வைப்பார்கள், இறங்கியிருந்தால் கிள்ளி எடுப்பார்கள். கீழ் ஷட்ஜத்தில், அதாவது கீழ் ஸ-வில், போய் உட்காரும்வரை இது நடக்கும்.

ரவை இல்லாத தொப்பி டப் டப் என்று அட்டைப்பெட்டி மாதிரி கேட்கும். எடை ஏறினால்தான் தோல் மெதுவாக அதிரும், அடிநாதம் வரும். உள்ளங்கையின் அடிப்பாகத்தால் தோலை அழுத்தித் தள்ளும்போது 'கும்' என்று ஏறி இறங்குகிறதே, அந்தக் கும்கிக்கும் ரவைதான் ஆதாரம். அளவு மீறிப் போட்டால் நாதம் செத்துவிடும். ஈரம் அதிகமானாலும் ஆபத்து: மிருதங்கம் படுத்திருக்கிறது, தோல் சுவர் மாதிரி நிற்கிறது, ரவை மெல்ல வழுக்கி இறங்கும். ஈரம் குறைந்தால் தனியின் நடுவில் பலமான அடி விழும்போது விள்ளலாக உதிரும். அரங்கத்தின் ஏசி வேறு அதைக் காய வைத்துக்கொண்டே இருக்கும், எடை குறையக் குறையச் சுருதி ஏறும். அதனால்தான் பாட்டுக்குப் பாட்டு அவர் விரலை நனைத்து ரவையைத் தடவிக்கொடுக்கிறார். பதற்றத்தில் செய்கிற சேஷ்டை என்று நினைத்துவிடாதீர்கள்.

வலது பக்கத்துக்கு வாருங்கள். வலந்தலையின் நடுவில் கறுப்பாக இருப்பதற்குக் கரணை என்றும் பெயர், சோறு என்றும் பெயர். சோறு என்பது உவமை இல்லை. குழைய வடித்த சோற்றைப் பசையாக மசித்து, கிட்டான் என்கிற கறுப்புக் கல்லின் பொடியோடு கலந்து பூசுகிறார்கள். ஒரு மெல்லிய பூச்சு, அது இறுகும்வரை வழுவழுப்பான கல்லால் தேய்ப்பு, அதன்மேல் அடுத்த பூச்சு. அவசரப்பட்டுக் கனமாக ஒரே தடவையில் அப்பினால் சில நாளில் சில்லுச் சில்லாகப் பெயர்ந்துவிடும். தேய்க்கத் தேய்க்க மயிரிழை வெடிப்புகள் விழும். அது குறை இல்லை. வெடிப்பு இருப்பதால்தான் அவ்வளவு கனமும் தோலோடு சேர்ந்து வளைந்து கொடுக்கிறது.

இந்தச் சோறு என்ன செய்கிறது என்று எழுதியவர் சர் சி. வி. ராமன். 1920இல் நேச்சர் இதழில் சுருக்கமாக, 1934இல் விரிவாக. வெறும் தோலை இழுத்துக் கட்டிய பறையில் அடிநாதம் 1 என்றால், மேலே எழும் நாதங்கள் 1.59, 2.14, 2.30 என்று ஒன்றோடொன்று சேராமல் கிடக்கும். அதனால் சத்தம் வரும், சுருதி தெளியாது. நடுவில் சரியான கனம் ஏற்றினால் அவை 1, 2, 3, 4, 5 என்று வரிசையில் வந்து நிற்கும். தந்திக்கு இருக்கிற குணம் தோலுக்கு வந்துவிடுகிறது. தம்புராவோடு ஒரு தாளவாத்தியம் சுருதி சேர்ந்து நிற்க முடிவது இதனால்தான். பூசுகிற கைக்கு இந்தக் கணக்கு ராமனுக்கு வெகு காலம் முன்பே தெரியும். மாட்டுத்தோல், ஆட்டுத்தோல், எருமைத்தோல் மூன்றையும் பதம் பார்த்து வார் பிடித்த அந்தக் குடும்பங்களின் பெயர் எந்தச் சபா அழைப்பிதழிலும் இராது. கேண்டீன் ஒப்பந்தக்காரர் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும்.

மேடைக்காரர்களும் யோக்கியர்கள் இல்லை. 1928இல் தொடங்கிய மியூசிக் அகாடமி ஒரு மிருதங்கக்காரருக்குத் தன் உயர்ந்த விருதான சங்கீத கலாநிதியைக் கொடுக்க 1966 ஆயிற்று, பாலக்காடு மணி ஐயருக்கு. இன்றைக்கும் சில பாடகர்கள் ராகத்தையும் ஸ்வரத்தையும் இழுத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே தனிக்கு ஏழெட்டு நிமிடம் விட்டுக்கொடுக்கிறார்கள். மிருதங்கம், கடம், கஞ்சிரா மூன்று பேர் அதற்குள் என்ன செய்வார்கள்? ஒலிபெருக்கிக்காரர் தொப்பியின் அடிநாதத்தை ஏற்றி வைத்து, கும்கி வரவேண்டிய இடத்தில் பூகம்பம் வரவழைக்கிறார். ஒலிபெருக்கிப் பெட்டிக்கு நேர் எதிரே உட்காராதீர்கள். நடு வரிசை, மேடையைப் பார்த்தால் சற்று இடது பக்கம். பாடகரின் வலது கைப்பக்கம் மிருதங்கக்காரர் இருப்பார், வலந்தலை சபையைப் பார்த்திருக்கும். விரல் தெரியும். அந்தக்கால வித்வான் பழனி சுப்ரமணிய பிள்ளை போல இடக்கைக்காரர் வாசித்தால் எல்லாம் எதிர்ப்பக்கம்.

கேட்பது எப்படி என்று நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். தாளம் ஆதி என்றால் கையில் போடுங்கள்: ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டு வீச்சு, தட்டு வீச்சு. எட்டு. ஒவ்வொன்றுக்குள்ளும் 'தகதிமி' என்று நான்கு சொல்லிக்கொண்டால் மொத்தம் 32. வேறொன்றும் தெரியவேண்டாம், இந்தக் கையை மட்டும் விட்டுவிடாதீர்கள். பக்கத்தில் இருப்பவர் தப்பாகப் போட்டால் அவரைப் பார்க்காதீர்கள், தொற்றிக்கொள்ளும்.

முதலில் மிருதங்கம் நிதானமாக விரிக்கும், கடம் பதில் சொல்லும். பிறகு மாறி மாறி வாசிப்பதன் அளவு பாதி பாதியாகக் குறையும். அதுதான் குறைப்பு. ஒருவர் விட்டதை மற்றவர் எப்படிப் பிடிக்கிறார் என்று இங்கே பாருங்கள். கடைசியில் எல்லோரும் சேர்ந்து மோரா என்கிற முடிப்புச் சொற்கட்டு, அதன்பின் கணக்காகத் தாளத்தில் வந்து இறங்கும் கோர்வை. கோர்வையை மூன்று தடவை வாசிப்பார்கள். முதல் தடவை குழம்புங்கள், இரண்டாவதில் எண்ணுங்கள், மூன்றாவதில் நீங்களும் அவர்களோடு வந்து இறங்கலாம்.

கணக்கு ஒன்றும் மாயமில்லை. 'ததிகிணதொம்' ஐந்து. மூன்று முறை சொன்னால் 15. 32இல் 15 போனால் 17. ஐந்தாவது எண்ணிக்கையின் தட்டு விழுகிறதே, அதுதான் பதினேழாவது. அதைத் தாண்டி பதினெட்டில் 'த' என்று எடுத்தால் 32இல் கடைசித் 'தொம்', அடுத்த தட்டில் பாட்டு. வீட்டில் மேசையில் தட்டிப் பாருங்கள். தட்டோடு சேர்ந்தே எடுத்துவிடுவீர்கள், ஒரு மாத்திரை முன்னால் முடிந்துபோய் அந்தரத்தில் நிற்பீர்கள். பத்துத் தடவையில் வந்துவிடும். மேடையில் வாசிக்கும் கோர்வை இதைவிடப் பல மடங்கு பெரியது, கூட்டல் கழித்தல் இதேதான். பாடகர் பல்லவியைச் சரியான இடத்தில் எடுக்கும்போது உங்கள் கையும் அங்கே விழுந்தால், அப்புறம் எந்த மாமி கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டீர்கள்.

பசி என்று சொல்வீர்கள். நியாயம்தான். ஆறரை மணிக் கச்சேரி என்றால் தனி எட்டு மணியை ஒட்டித்தான் வரும். ஐந்தேகாலுக்கே கேண்டீனுக்குப் போய்விடுங்கள், வரிசையும் இராது. ஒரு வடை, ஒரு காபி போதும். மதிய இலைச்சாப்பாட்டை முடித்துவிட்டு இரண்டு மணிக் கச்சேரிக்குள் மட்டும் நுழையாதீர்கள். அந்த நேரத்தில் பல சபாக்களில் இளம் பாடகர்கள் இலவசமாகப் பாடுகிறார்கள், பாவம், எதிரில் குறட்டை கேட்கும். நடுவில் போயே ஆகவேண்டும் என்றால் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் போங்கள். தனிக்கு எழுந்து போய், கடைசியில் வரும் சின்னப் பாட்டுகளான துக்கடாவுக்குச் சரியாகத் திரும்பி வந்து உட்கார்ந்து தலையாட்டுகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களைப் பற்றி எழுதினால் இந்தப் பக்கத்தைக் குழந்தைகள் படிக்க முடியாது.

மங்களம் முடிந்ததும் ஓடாதீர்கள், இரண்டு நிமிடம் மேடை ஓரம் நில்லுங்கள். மிருதங்கக்காரர் தொப்பியிலிருந்து ரவையைச் சுரண்டி ஒரு தாளில் மடித்துக்கொண்டிருப்பார். ஒட்டவிட்டுக் காயவைத்தால் அடுத்தமுறை எடுக்கும்போது தோலின் மேல்பகுதி கூடவே கிழிந்து வரும்.

அப்புறம் கேண்டீனுக்குப் போங்கள். அந்நேரத்துக்கு அவியலும் கீரை வடையும் தீர்ந்திருக்கும். ரவா தோசை இருக்கும். அதற்கு அரைக்கவும் வேண்டாம், புளிக்கவும் வேண்டாம்; ரவையும் அரிசி மாவும் சம அளவு, மைதா கால் பங்கு, மோர்போல நீர்க்கக் கரைத்து இருபது நிமிடம் ஊறினால் போதும். ரவை அடியில் தங்கிவிடும், ஆகவே ஒவ்வொரு தோசைக்கும் மாவைக் கலக்கிவிட்டு ஊற்றுகிறாரா என்று மட்டும் பாருங்கள். கலக்காமல் ஊற்றினால் முதல் தோசை அப்பளம், கடைசித் தோசை உப்புமா.