தளம் மட்டும் மிஞ்சினால் இஎஃப்5 ஆகிவிடாது

வீடே போய் கான்கிரீட் தளம் மட்டும் மிஞ்சிய படத்தைப் போட்டு, இந்த டொர்னாடோவுக்கு (சுழல்காற்றுக்கு) ஏன் இஎஃப்5, அதாவது டொர்னாடோவின் வலிமையைச் சொல்லும் இஎஃப் அளவுகோலின் உச்சப் படி, தரவில்லை என்று கேட்டிருந்தீர்கள். தளத்தின் ஓரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். சுவரின் அடிக்கட்டையைப் பிடிக்கும் போல்ட், வாஷரும் நட்டுமாக வளைந்து நிற்கிறதா, இல்லை ஆணி அடித்த ஓட்டைதானா? ஆணிதான் என்றால் இஎஃப்5-ஐ விடக் குறைந்த காற்றே வீட்டைப் பெயர்த்துவிடும். பக்கத்து மரங்களில் பட்டை உரிந்திருக்கிறதா, புதர் அப்படியே நிற்கிறதா என்பதையும் ஆய்வாளர்கள் சேர்த்தே பார்ப்பார்கள்.

சேதத்தை வைத்துத்தான் காற்றின் வேகத்தைக் கணிக்கிறார்கள். அமெரிக்காவில் ஓக்லஹோமாவின் எல் ரீனோவில் 2013 மே 31 அன்று வந்த டொர்னாடோவில் நடமாடும் ரேடார் மணிக்கு 470 கி.மீ.க்கு மேல் காட்டியது. ஆனால் அது பெரும்பாலும் வயல்வெளியிலேயே போனதால், அந்த அளவுக்குச் சேதம் இல்லை என்று, ரேடாரை வைத்துக் கொடுத்த இஎஃப்5-ஐ இஎஃப்3 ஆகக் குறைத்துவிட்டார்கள். இந்த முறையின் பெரிய குறை அதுதான் என்பேன்.

போல்ட் தெரியும் நெருக்கப் படம் இருந்தால் போடுங்கள், பார்க்கலாம்.