கடற்கரைக்குக் கூலி வேலைக்கா? – ஒரு தந்தையின் கடிதம்

அன்புள்ள அம்மையாருக்கு,

வணக்கம். மாணவப் பருவத்தில் ஒரு கோடை முழுவதும் அமெரிக்காவின் ஓஷன் சிட்டியில் வேலை செய்ததாகப் பழைய கட்டுரையொன்றில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரியை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

என் மகள் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். நீண்ட விடுமுறையில் ஜே-1 என்னும் பரிமாற்றத் திட்ட விசாவில் அதே ஓஷன் சிட்டிக்குப் போய் மூன்று மாதம் விடுதி அறைகளைச் சுத்தம் செய்யும் வேலை பார்க்க வேண்டும் என்கிறாள். விமானச் சீட்டு, முகவர் கட்டணம் எல்லாம் சேர்த்து 18,000 ரிங்கிட் ஆகுமாம். திரும்பும்போது இரண்டு மடங்கு கையில் இருக்கும் என்று முகவர் சொல்கிறார். கடன் எடுத்துத் தரும்படி மகள் கேட்கிறாள். என் தாயார் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். லயத்து வீட்டிலிருந்து படிப்பைப் பிடித்துக்கொண்டு மேலே வந்த குடும்பம் எங்களுடையது. அந்தக் குடும்பத்துப் பெண் கடல் கடந்து போய் யாருடைய கழிவறையையோ கழுவ வேண்டுமா? இதைப் பண்பாட்டுப் பரிமாற்றம் என்கிறார்கள். எனக்கு இது, அந்தக் காலத்தில் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த கங்காணி முறையின் புதிய வடிவமாகத்தான் தெரிகிறது. உங்கள் கருத்தைச் சொல்ல வேண்டும்.

ச. மு., கிள்ளான்

அன்புள்ள ஐயா,

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மகளை அனுப்புங்கள், ஆனால் கடன் வாங்கி அனுப்பாதீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை உலுக்கியது கங்காணி என்ற சொல். அதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டுமானால் அந்த ஊரைப் பற்றியும், நான் அங்கே என்ன செய்தேன் என்பதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்.

அமெரிக்க வெளியுறவுத் துறை 1961-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்கீழ் நடத்தும் பரிமாற்றத் திட்டங்களில் இந்தக் கோடை வேலைத் திட்டமும் ஒன்று. கல்லூரியில் முழுநேரம் படிக்கும் வெளிநாட்டு மாணவர்கள் நான்கு மாதம் வரை வேலை செய்யலாம். அதன்பின் 30 நாள் ஊர் சுற்றலாம், அந்த நாள்களில் வேலை செய்யக் கூடாது. ஓர் ஆண்டுக்கு 1,09,000 பேர் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். இது ஏட்டில் உள்ள விவரம். அந்த மாணவர்கள் இல்லாவிட்டால் அமெரிக்கக் கிழக்குக் கரையின் பல ஊர்களில் கோடைக்காலமே நடக்காது என்பதை அங்கே போய்ப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

மேரிலாந்து மாநிலத்தின் ஓஷன் சிட்டி, அட்லாண்டிக் பெருங்கடலுக்கும் ஓர் உப்பங்கழிக்கும் இடையில் கயிறு போல நீண்டு கிடக்கும் மணல் திட்டு. நிலையாக வாழ்பவர்கள் ஏறத்தாழ 7,000 பேர். ஜூலை மாத வார இறுதியில் அங்கே 3,00,000 பேர் இருப்பார்கள். 1875-இல் முதல் பெரிய விடுதி திறந்தது. 1952-இல் செசபீக் விரிகுடாவின் மேல் பாலம் வந்த பிறகு வாஷிங்டனிலிருந்தும் பால்டிமோரிலிருந்தும் குடும்பங்கள் காரிலேயே வரத் தொடங்கின. அத்தனை பேருக்கும் சமைக்க, பரிமாற, படுக்கை விரிக்க ஆள் வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அந்த வேலைகளில் பெரும்பங்கைச் செய்தவர்கள் கறுப்பின மக்கள். விடுதிகளில் உழைத்த அவர்களுக்கு அந்தக் கடலில் குளிக்க அனுமதி கிடையாது. பருவம் முடிந்து வெள்ளையர்கள் ஊர் திரும்பிய பிறகு செப்டம்பரில் சில நாள்களை அவர்களுக்கென்று ஒதுக்கினார்கள். கறுப்பினப் பயணிகளை ஏற்றுக்கொண்ட ஹென்ரி ஹோட்டலின் கட்டடம் இன்னும் அங்கே நிற்கிறது. அந்தத் தெரு வழியாகத்தான் நான் சைக்கிளில் வேலைக்குப் போனேன். அதன் கதையைத் தெரிந்துகொண்டது மட்டும் நாடு திரும்பிய பிறகுதான் என்பது எனக்கு இன்றுவரை வருத்தம்.

பிறகு பல ஆண்டுகள் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களே அந்த வேலைகளைச் செய்தார்கள். ஆகஸ்ட் இறுதியிலேயே பள்ளியும் கல்லூரியும் திறக்கத் தொடங்கியதும், செப்டம்பர் முதல் திங்களன்று வரும் தொழிலாளர் தினம் வரைக்கும் நிற்க ஆளில்லாமல் போனது. இது அந்த ஊருக்கு எவ்வளவு பெரிய கவலை என்பதை நேரில் கண்டேன். 2016 ஆகஸ்ட் 31 அன்று, மேரிலாந்து ஆளுநர் லாரி ஹோகன் அந்த ஊரின் பலகை நடைபாதையில் நின்று, அடுத்த ஆண்டு முதல் அரசுப் பள்ளிகள் தொழிலாளர் தினத்துக்குப் பிறகே திறக்க வேண்டும் என்ற உத்தரவை அறிவித்தார். 2019-இல் சட்டமன்றம் அதை மாற்றிவிட்டது. பள்ளி திறக்கும் நாளையே கடற்கரைக் கடைகளின் கணக்கில் வைத்துப் பேசும் மாநிலத்துக்கு உங்கள் மகள் போகிறாள். பண்பாட்டைப் பரிமாறிக்கொள்வதற்காக மட்டும் அவளை அழைக்கிறார்கள் என்று முகவர் சொன்னால் நம்ப வேண்டாம்.

நானும் 2016-இல் அறை சுத்தம் செய்யும் வேலைக்குத்தான் போனேன். கடற்கரை விடுதி அறையில் பெரிய எதிரி மணல். குளியல் தொட்டியின் அடியில் ஈரமாகப் படிந்திருக்கும் மணலைத் தண்ணீர் விட்டுக் கழுவினால் குழாய் அடைத்துக்கொள்ளும். முதலில் காகிதத் துண்டால் வழித்து எடுத்துவிட்டுப் பிறகுதான் தேய்க்க வேண்டும். என்னோடு வேலை செய்த ஜமைக்கா பெண்தான் இதைக் கற்றுக்கொடுத்தாள். விரிப்பின் மூலையை 45 பாகையில் மடித்து மெத்தைக்கு அடியில் செருகவும் அவளே சொல்லித் தந்தாள். சாதாரண நாளில் ஓர் ஆளுக்கு 12 அறைகள். சனிக்கிழமைகளில் காலை 11 மணிக்கு ஒரு கூட்டம் காலி செய்து, மாலைக்குள் அடுத்த கூட்டம் வந்துவிடும். அன்று 16 அறைகள் வரை செய்திருக்கிறேன். ஜூன் மாதம் மணிக்கு 8.25 டாலர், ஜூலை 1 முதல் மாநிலத்தின் குறைந்தபட்ச ஊதியம் ஏறியதால் 8.75 டாலர். தலையணையின் மேல் சிலர் இரண்டு டாலர் வைத்துவிட்டுப் போவார்கள். பெரும்பாலானோர் எதுவும் வைப்பதில்லை.

கழிவறை கழுவுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதல் வாரம் நான் அழுதேன் ஐயா. வேலை கடினம் என்பதால் அழவில்லை. நான் குனிந்து துடைத்துக்கொண்டிருக்கும்போது அந்த அறைக்காரர்கள் நான் அங்கே இல்லாதது போலவே பேசிக்கொண்டிருந்தார்கள். என் பாட்டியும் பால்மரம் வெட்டியவர்தான். துரையின் பங்களாவில் சில காலம் வேலை செய்ததைப் பற்றிச் சொல்லும்போது, ‘அங்கே நான் நாற்காலி மாதிரி’ என்பார். சிறு வயதில் பல முறை கேட்டும் அதன் பொருள் எனக்கு அந்த மோட்டல் அறையில்தான் விளங்கியது. இன்றும் எந்த விடுதியில் தங்கினாலும் விரிப்பை நானே உருவிச் சுருட்டி வைத்துவிட்டுத்தான் அறையை விட்டு வெளியேறுகிறேன்.

இப்போது கங்காணிக்கு வருகிறேன். நம் பாட்டன்மார்களைக் கட்டிப் போட்டது கூலி குறைவு மட்டும் இல்லை. கப்பலுக்கும் அரிசிக்கும் முன்பணம் கொடுத்து, அந்தக் கடன் தீரும் வரை நகர முடியாமல் வைத்திருந்தார்கள். வேலை கொடுத்தவனே வீடும் கொடுத்தான், ஆகவே வேலையை விட்டால் கூரையும் போயிற்று. 1938-இல் இந்திய அரசு தடை விதிக்கும் வரை அந்த ஆள்சேர்ப்பு நடந்தது. உங்கள் மகளின் பயணத்தில் அந்த இரண்டு முடிச்சுகளும் இருக்கின்றனவா என்றுதான் பார்க்க வேண்டும்.

வீட்டை முதலில் பார்ப்போம். எனக்கு வேலை கொடுத்தவரே ஏற்பாடு செய்த வீட்டில் மூன்று அறைகளில் பதினொரு பேர் இருந்தோம். ஆளுக்கு வாரம் 125 டாலர் சம்பளத்திலேயே பிடித்துக்கொண்டார்கள். மழை பெய்து வேலை குறைந்த வாரத்திலும் அதே 125. முன்பணமாகக் கட்டிய 300 டாலரில் சுவர்க் கறை, கதவுக் கீறல் என்று சொல்லி 180 டாலரைக் கடைசி நாளில் எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கீறல் நாங்கள் வரும்போதே இருந்தது என்று காட்ட எங்களிடம் ஒரு படம்கூட இல்லை. ஆகவே வீட்டின் முகவரி, ஓர் அறைக்கு எத்தனை பேர், வேலையை விட்டால் வீட்டில் இருக்கலாமா, முன்பணம் எப்போது திரும்பும் என்பதையெல்லாம் எழுத்தில் வாங்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். போய் இறங்கிய நாளே சுவர், கதவு, மெத்தை எல்லாவற்றையும் படமெடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

இரண்டாவது முடிச்சு கடன். முகவரின் கணக்கை நாமே போட்டுப் பார்ப்போம். மேரிலாந்தில் 2024 முதல் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 15 டாலர். வாரம் 35 மணி, 12 வாரம் வேலை கிடைத்தால் 6,300 டாலர். அவளைப் போன்ற வெளிநாட்டு மாணவர்களுக்கு முதல் டாலரிலிருந்தே 10 விழுக்காடு கூட்டரசு வரி உண்டு, மாநில வரி தனி. ஓய்வூதியத்துக்கான சமூகப் பாதுகாப்பு, முதியோர் மருத்துவத்துக்கான மெடிகேர் என்ற இரண்டு பிடித்தங்கள் மட்டும் ஜே-1 மாணவர்களுக்குக் கிடையாது. சம்பளச் சீட்டில் அவை இருந்தால் உடனே கேட்க வேண்டும். வாடகை வாரம் 175, சாப்பாடு 80 என்று வைத்தால் இறுதியில் மிஞ்சுவது 2,300 டாலர் அளவில் இருக்கும். உங்கள் 18,000 ரிங்கிட் 4,000 டாலருக்குக் குறையாது. ஒரே வேலையில் போட்ட பணமே திரும்பாது என்பது இதிலேயே தெரிகிறது. இரண்டாவது வேலை கிடைத்தால் ஏறக்குறைய ஈடாகலாம். அதையும், அவளுடைய விசாவுக்குப் பொறுப்பேற்கும் ஸ்பான்சர் அமைப்பு சரிபார்த்த பிறகே தொடங்க வேண்டும். நான் மாலையில் நடைபாதையோர உருளைக்கிழங்குக் கடையில் நின்றேன். அந்த ஊரில் வறுவலுக்கு கெச்சப் கேட்பவர்களைப் புதியவர்கள் என்று கண்டுகொள்வார்கள். உப்பும் வினிகரும்தான் வழக்கம். வாரம் 55 மணி நேரம் உழைத்தும், போட்ட 11,500 ரிங்கிட்டில் 10,500-ஐத்தான் திரும்பக் கொண்டுவந்தேன். அது அம்மாவின் சேமிப்பும் நான் டியூஷன் சொல்லிக்கொடுத்துச் சேர்த்ததும் என்பதால் எனக்குத் தூக்கம் வந்தது. என் அறையில் இருந்த ஒரு பெண் வட்டிக்கு வாங்கி வந்திருந்தாள். மேலாளர் கூட்டத்தின் முன்னால் அவளை ஏசிய அன்று நாங்கள் எல்லோரும் வேறு இடம் பார்க்கச் சொன்னோம். இடையில் ஒரு வாரச் சம்பளம் போனாலும் தவணை தவறும் என்று அவள் போகவில்லை. அதே வேலை, அதே வீடு; ஆனால் அவளுக்கு மட்டும் அது நீங்கள் சொல்லும் கங்காணி முறையாகத்தான் இருந்தது.

2011 ஆகஸ்டில் பென்சில்வேனியாவில் சாக்லெட் சிப்பமிடும் ஆலையொன்றில் நூற்றுக்கணக்கான ஜே-1 மாணவர்கள் வேலையை நிறுத்தி வீதிக்கு வந்தார்கள். ஊரைப் பார்க்கலாம் என்று ஆயிரக்கணக்கான டாலர் கட்டி வந்தவர்களை இரவுப் பணியில் பெட்டி தூக்க வைத்திருந்தார்கள். அதையடுத்து 2012-இல் விதிகள் கடுமையாயின. ஆலை வேலையும், பெரும்பகுதி இரவு 10 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையில் அமையும் வேலையும் இப்போது இத்திட்டத்தில் கூடாது. விசா நேர்காணலின்போது தொழிலாளர் உரிமைகளைச் சொல்லும் சிறு கையேடு ஒன்று கொடுப்பார்கள். கடவுச்சீட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும், அழைக்க வேண்டிய தொலைபேசி எண்ணும் அதில் இருக்கும். அதை அவள் படித்துவிட்டாளா என்று நீங்கள் கேளுங்கள். நம் பாட்டிகளுக்கு அப்படி ஒரு தாளை யாரும் கொடுக்கவில்லை.

பரிமாற்றம் என்பது பொய்யில்லை, ஐயா. அலுவலகத்தார் ஏற்பாடு செய்த பார்பிக்யூ விருந்தில் அது நடக்கவில்லை. எங்கள் சமையலறையிலும் வறுவல் கடையிலும் நடந்தது. அந்த ஆண்டு ஜூன் மாதத்தின் பெரும்பகுதி நோன்புக் காலம். எங்களோடு இருந்த துருக்கிப் பெண் இரவு எட்டரை மணி வரை கடையின் எண்ணெய்ச் சட்டியின் முன்னால் பட்டினியோடு நிற்பாள். நோன்பு என்றால் என்ன என்று மலேசியாக்காரியான எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவளுக்காகப் பேரீச்சம்பழம் தேடி அலைந்தேன். ஜூலை 15, வெள்ளிக்கிழமை, அவளுடைய நாட்டில் ராணுவம் ஆட்சியைப் பிடிக்க முயன்ற செய்தி வந்தபோது கடையில் கூட்டம் நெரித்தது. வலது கையால் வறுவலை வாளியில் அள்ளிக்கொண்டு, இடது கையால் வீட்டுக்கு மறுபடி மறுபடி அழைத்துக்கொண்டே இருந்தாள். இணைப்பு கிடைத்து அவளுடைய அம்மாவின் குரல் கேட்டதும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். வரிசையில் நின்றவர்கள் சத்தம் போட, பல்கேரியப் பெண் ஒருத்தி இரண்டு பேர் வேலையையும் சேர்த்துப் பார்த்தாள். நாங்கள் மூவரும் இன்றும் பேசிக்கொள்கிறோம்.

இரண்டு எச்சரிக்கைகளை மட்டும் சொல்லிவிடுகிறேன். கோஸ்டல் ஹைவே எட்டு வழிச் சாலை. நள்ளிரவில் வேலை முடிந்து மாணவர்கள் அதில்தான் சைக்கிளில் வருவார்கள். முன்னும் பின்னும் விளக்கில்லாத சைக்கிளில் அவள் ஏறக் கூடாது. சந்தேகமாக இருந்தால் பேருந்து ஓடுகிறது. கடலும் அப்படித்தான். உயிர்காப்பாளர்கள் காலை 10 மணி முதல் மாலை 5.30 வரைதான் இருப்பார்கள். வேலை முடிந்த களைப்பில் இரவுக் கடலில் இறங்குவது மாணவர்களின் வழக்கம். கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டம் நீச்சல் தெரிந்தவரையும் கொண்டுபோய்விடும். நம் ஊரின் அமைதியான போர்ட் டிக்சன் கடலை நினைத்துக்கொண்டு அவள் இறங்கிவிடக் கூடாது.

18,000 ரிங்கிட்டை உங்கள் சேமிப்பிலிருந்து, திரும்பி வராது என்று எண்ணியே கொடுக்க முடியுமானால் இந்தக் கோடையே போகட்டும். முடியாவிட்டால், பகுதிநேர வேலை பார்த்துப் பாதியை அவளே சேர்க்கட்டும். இரண்டாம் ஆண்டில்தானே இருக்கிறாள், அடுத்த கோடையும் அவளுக்கு இருக்கிறது.

அன்புடன்.