புல்லு கேள்வி பதில்: மடிப்பை விலக்கிப் பார்த்தீங்களா?

ஆரம்பிக்கலாம். தூரத்துல இருந்து ஒரு பச்சைத் திட்டை போட்டோ எடுத்துப் போட்டுட்டு "இது என்ன புல்லு"ன்னு கேட்காதீங்க. கதிர் ஒண்ணு, அடித்தண்டு ஒண்ணு, இலை தண்டை விட்டுப் பிரியுற மடிப்பு ஒண்ணு, மூணு போட்டோ வேணும். பத்து மடங்கு லென்ஸ் கையில இருந்தா பாதிப் பேருக்கு நானே தேவையில்ல.

கே: அக்கா, அறுகம்புல்லுக்கும் அதே மாதிரி விரல் விரலா கதிர் விடுற மத்த புல்லுங்களுக்கும் என்ன வித்தியாசம்? எனக்கு எல்லாம் ஒண்ணாத்தான் தெரியுது.

ப: இதுக்கு உக்காந்து எழுதலாம். பெரும்பாலும் நாலு பேருதான் உங்களைக் குழப்புறாங்க: அறுகு, டிஜிட்டேரியா, எலூசின் இண்டிகா, டாக்டிலோக்டீனியம். முதல்ல மடிப்பை விலக்குங்க. இலையோட தட்டைப் பகுதி தண்டை விட்டு வெளிய வளையுற இடத்துல உள்பக்கமா ஒரு சின்ன விளிம்பு இருக்கும், அதுக்குப் பேரு லிக்யூல், தமிழ்ல இலைநாக்கு. அறுகுல அது குட்டையான வெள்ளை முடி வரிசை, டிஜிட்டேரியாவுல மெல்லிசா காகிதம் மாதிரி ஒரு சவ்வு. இது ஒண்ணுலயே ரெண்டும் பிரிஞ்சிடும், கதிரே வர வேண்டாம். கதிர் வந்திருந்தா இன்னும் சுலபம், அறுகு விரலெல்லாம் ஒரே புள்ளியில இருந்து கிளம்பும், டிஜிட்டேரியாவுல பல நேரம் கொஞ்சம் மேல கீழ தள்ளித் தள்ளி ஒட்டியிருக்கும், சிறுகதிருங்க (கதிர்ல பூவை மூடி வெச்சிருக்கிற குட்டிக் குட்டி மணிங்க) ஜோடி ஜோடியா இருக்கும், ஒண்ணுக்குக் குட்டைக் காம்பு ஒண்ணுக்கு நெட்டைக் காம்பு.

எலூசினை அடியில பாருங்க. தண்டெல்லாம் நசுக்கின மாதிரி தட்டையா, வெளுத்துப்போய் விசிறி மாதிரி படுத்துக் கிடக்கும், புடுங்கினா லேசுல வராது. டாக்டிலோக்டீனியத்தோட விரல் குட்டை, தடிமன். இப்போ என் மேசையில ரெண்டும் பக்கத்துல பக்கத்துல கிடக்குது. எலூசின் விரலோட நுனி வரைக்கும் சிறுகதிர் இருக்கு, மத்ததுல சிறுகதிர் முடிஞ்ச பிறகும் நடுக்காம்பு மட்டும் மொட்டையா, கூரா, பூனை நகம் மாதிரி வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு. அந்த நகத்தை ஒரு தடவை பார்த்துட்டா அப்புறம் நடந்து போறப்பவே கண்ணுல படும்.

கே: என் ஆப் இதை அறுகுன்னு 92 சதவீதம் உறுதியா சொல்லுதே?

ப: ஆப்புக்கு நீங்க கொடுத்தது பச்சைத் திட்டு. ஒரு மில்லிமீட்டர் கூட இல்லாத முடி வரிசை அந்தப் படத்துல எங்க இருக்கு?

கே: மேடம் இது என்ன புல்லு, தண்டு மொழுமொழுன்னு கணுவே இல்ல, மூணு பக்கமா இலை போகுது.

ப: புல்லே இல்ல, கோரை. தண்டை ரெண்டு விரலுக்கு நடுவுல வெச்சு உருட்டுங்க, மூணு முனை தட்டும். புல்லுக்கு இலை ரெண்டு வரிசைதான்.

கே: நெல்லு நாத்துக்கு நடுவுல குதிரைவாலிக் களை முளைச்சா கதிர் வர்றதுக்கு முன்னாடியே அடையாளம் காண முடியுமா?

ப: முடியும், மறுபடியும் மடிப்புதான். நெல்லுல இலைநாக்கு நீளமா வெள்ளையா இருக்கும், ரெண்டு ஓரத்துலயும் முடியோட கொக்கி மாதிரி காது இருக்கும். எக்கினோக்ளோவாவுல, அதாவது நீங்க கேட்ட குதிரைவாலிக் களையில, பெரும்பாலும் நாக்கும் இல்ல காதும் இல்ல, வழுக்கையா இருக்கும். எல்லாத்தையும் இவ்ளோ சுலபமா சொல்ல முடிஞ்சா நல்லா இருக்கும். அந்தக் குடும்பத்துல எக்கினோக்ளோவா ஒரைசிகோலான்னு ஒண்ணு இருக்கு, நிக்கிற வாகு, இலை நிறம் எல்லாம் அச்சு அசல் நெல்லு மாதிரி. பல நூறு வருஷமா மனுஷன் வயல்ல கண்ணுக்கு வித்தியாசமாத் தெரிஞ்சதை எல்லாம் புடுங்கிப் போட்டான், நெல்லு மாதிரி இருந்தது தப்பிச்சு விதை போட்டுச்சு, அதோட பிள்ளைங்க இன்னும் நெல்லு மாதிரி ஆச்சு. அதுக்கு வேஷம் கட்டிவிட்டதே களை எடுத்தவங்கதான். வாவிலோவ்ங்கிற ரஷ்ய விஞ்ஞானி பேர்ல இதை வாவிலோவிய ஒப்புருன்னு சொல்றாங்க.

கே: அதே எக்கினோக்ளோவாவுல கொலோனாவையும் குருஸ்கல்லியையும் எப்படிப் பிரிக்கிறது? இலையில ஊதாப் பட்டை இருந்தா கொலோனாதானே?

ப: நிறத்தை நம்பாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது. ஊதாப் பட்டை இருந்தா அது ஒரு துப்பு, இல்லன்னா ஒண்ணுமே அர்த்தம் இல்ல. சிறுகதிரை அளங்க. கொலோனாவுல ரெண்டுல இருந்து மூணு மில்லிமீட்டர், மீசை (சிறுகதிர் நுனியில நீட்டிக்கிட்டு நிக்கிற முடி) கிடையாது, கிளைக்கதிர் குட்டை, அதுல சிறுகதிருங்க நாலு வரிசையா ஒழுங்கா அடுக்கியிருக்கும். குருஸ்கல்லியில மூணுல இருந்து நாலு, கிளைக்கதிர் நீளம், அதுவே திரும்பக் கிளைக்கும், மீசை இருக்கலாம் இல்லாமலும் போகலாம். பயிரா போடுற குதிரைவாலி கொலோனா வழியில வந்தது, ஜப்பான் குதிரைவாலி குருஸ்கல்லி வழியில வந்தது.

கே: இதுக்கு என்ன களைக்கொல்லி அடிக்கலாம்?

ப: என் வேலை இல்ல. வேளாண் அலுவலரைக் கேளுங்க.

கே: நடந்து வந்தா வேட்டி பூரா ஒட்டிக்கிற தினை மாதிரி புல்லு எது?

ப: செட்டேரியா வெர்ட்டிசிலேட்டா. கதிரைக் கீழ இருந்து மேல உருவுங்க, இழுத்துப் பிடிக்கும், ஏன்னா அந்த முடியில இருக்கிற முள்ளு எல்லாம் கீழ்நோக்கி இருக்கு. அதோட சொந்தக்காரப் புல்லு செட்டேரியா விரிடிஸ்ல மேல்நோக்கி இருக்கும், ஒட்டாது. தினைக்கு மூதாதை அந்த விரிடிஸ்தான்.

கே: நாணல்னா பிராக்மைட்டிஸ் தானே? நீங்க ஏன் சாக்கரம் ஸ்பான்டேனியம்னு சொல்றீங்க?

ப: ஆத்தோரம் வெள்ளைக் குஞ்சம் விடுற சாக்கரத்தை நாணல்னு சொல்றவங்க நிறைய. பிராக்மைட்டிஸைச் சொல்றவங்களும் இருக்காங்க.

கே (அவரே): ரெண்டும் எப்படி சரியாகும்? ஒரு பேருக்கு ஒரு செடிதான் இருக்கணும்.

இடையில இன்னொருத்தர்: எங்க பக்கம் அதுக்குப் பேய்க்கரும்புன்னு பேரு, நாணல்னு சொன்னா சிரிப்பாங்க.

கே (அவரே): பேய்க்கரும்பு வேற செடி!

ப: ரெண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்க. ஊர்ப்பேர் ஊரோடது, யாரும் பதிவு பண்ணி வெக்கல. சண்டை போடுறதை விட்டுட்டு குஞ்சத்துல ஒரு துளி பிச்சு லென்ஸ்ல வைங்க. சாக்கரத்துல சிறுகதிர் ஜோடியா இருக்கும், ஒண்ணு ஒட்டி உக்காந்திருக்கும் ஒண்ணுக்குக் காம்பு, பட்டு முடி சிறுகதிரோட அடியில இருந்து கிளம்பும். பிராக்மைட்டிஸ்ல ஒரு சிறுகதிருக்குள்ள பல பூ, முடி பூவுங்களைத் தாங்குற நடுக்காம்புல. முடி பூவோட உமி முதுகுலயே முளைச்சிருந்தா ரெண்டும் இல்ல, அருண்டோங்கிற மூணாவது புல்லு. இன்னைக்குப் பயிராகுற கரும்புல பெரும்பாலானதுக்குள்ள சாக்கரம் ஸ்பான்டேனியத்தோட ரத்தம் ஓடுது, அதனால பேய்க்கரும்புன்னு சொல்றவரும் உறவு முறை தெரிஞ்சுதான் சொல்றாரு.

கே (அவரே): இருந்தாலும் நாணல்னா பிராக்மைட்டிஸ்தான்.

ப: சரிங்க. குஞ்சத்தைப் பிச்சுப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க.

கே: அறுகம்புல்லை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ப: மேல முதல் பதில்.

கே: அக்கா, நீங்க சொன்ன மாதிரி விரல் நுனியைப் பார்த்தேன், மொட்டையா நகம் நீட்டிக்கிட்டு இருக்கு! நாலு வருஷமா இதை எலூசின்னு எழுதி வெச்சிருந்தேன்.

ப: டாக்டிலோக்டீனியம். அழிச்சு எழுதிக்கோங்க, நானும் ஒரு காலத்துல அப்படித்தான் எழுதி வெச்சிருந்தேன்.

கே: அக்கா இது அறுகா? (பச்சைத் திட்டு, கலங்கலா ஒரு படம்)

ப: மடிப்பு எங்க?