அடுக்கிப் போட்ட கொம்போஸ்ட் பாதியில் ஏன் மூச்சடைக்கிறது?

கேள்வி: வணக்கம் ஐயா. மட்டக்குளியில் 10 பேர்ச் காணியில் கீரையும் வெண்டியும் செய்கிறேன். பசளை விலை கட்டுப்படியாகாததால் கொம்போஸ்ட் குவியல் ஒன்று போட்டேன். அடியில் சருகு, அதன்மேல் சந்தையில் எடுத்த மரக்கறிக் கழிவு, பிறகு வெட்டிய பச்சைப் புல், தும்புத்தூள் (தேங்காய் மட்டைத் தூள்) நாலு அங்குலம், சாணம், மறுபடி மரக்கறி, கடைசியில் வைக்கோல். ஐந்தடி உயரத்துக்கு ஒழுங்காக அடுக்கி, மழைக்காக மேலே கறுப்புப் பொலித்தீனை இறுக்கிக் கட்டினேன். மூன்று கிழமையாகிவிட்டது. மேல்பாதியில் கை வைக்க முடியாத சூடு. கீழ்ப்பாதி குளிர்ந்து, கறுத்து, கூழ்முட்டை நாற்றம். பொலித்தீனின் உட்பக்கம் நீர் சொட்டுகிறது. காலையில் ஒரு மூலையால் மட்டும் ஆவி வருகிறது. அந்த இடத்தைக் கிளறினால் உலர்ந்து வெள்ளைத் தூளாக இருக்கிறது. சூடு கூடிவிட்டதா? தண்ணீர் ஊற்றவா, இ.எம். என்கிற நுண்ணுயிர்க் கரைசல் விடவா? நடுவில் ஓட்டை போட்ட பைப் ஒன்றை இறக்கச் சொல்கிறார்கள், அது சரிவருமா?

பதில்: வணக்கம் தம்பி. தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். சூட்டுக்குப் பயப்படவும் வேண்டாம். மேல்பாதியில் இருப்பது நல்ல சூடு. 55 பாகை செல்சியசுக்கு மேல் போனால்தான் களை விதையும் நோய்க்கிருமியும் சாகும். குறை காற்றில் இருக்கிறது. அதை மறித்துக்கொண்டிருப்பது அந்த நாலு அங்குலத் தும்புத்தூளும் அதற்குக் கீழே கிடக்கிற பச்சைப் புல்லும்.

குவியல் தன் சூட்டாலேயே மூச்சு விடுகிறது. உள்ளே சூடாகிய காற்று இலேசாகி மேலே போகும். அந்த இடத்தை நிரப்பப் பக்கங்களாலும் அடியாலும் குளிர்ந்த காற்று உள்ளே வரும். புகைபோக்கி வேலை செய்கிற விதமும் இதுதான். ஆனால் இந்த இழுவை எவ்வளவு மெலிது என்று தெரிந்தால் உங்களுக்கு மிச்சமெல்லாம் விளங்கிவிடும். வெளியில் 30 பாகை, உள்ளே ஈரமான காற்று 60 பாகை, குவியல் நாலடி என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றை இழுக்கிற அழுத்த வித்தியாசம் ஒன்றிலிருந்து இரண்டு பஸ்கால்தான். ஒரு மில்லிமீட்டர் உயரத் தண்ணீர் கொடுக்கிற அழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு, அவ்வளவே.

இனி நனைந்த தும்புத்தூளைப் பாருங்கள். அதன் துளைகள் மிகச் சிறியவை, நீரைப் பிடித்தால் விடாது. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அகலமான துளையில் நிற்கிற நீரைத் தள்ளி வெளியேற்ற இரண்டாயிரம் பஸ்காலுக்கு மேல் வேண்டும். குவியலிடம் இருப்பதோ இரண்டு. ஆகவே அந்த அடுக்குக்குக் கீழே காற்று நின்றுபோகிறது. இருந்த ஒட்சிசன் தீர்ந்ததும் காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் வேலையை எடுத்துக்கொள்கின்றன. கூழ்முட்டை நாற்றம் அவை விடும் ஐதரசன் சல்பைட்டு. பச்சைப் புல்லும் இதே வேலைதான் செய்யும். இரண்டு நாளில் படிந்து பாய்போல ஒட்டிக்கொள்ளும். நீங்கள் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டிருக்கிறீர்கள்.

துகளின் பருமன் பாதியானால் காற்று புகும் இலகு பாதியாவதில்லை, ஏறத்தாழ நாலில் ஒன்றாகிவிடும். அடுக்குகள் வந்தால் இன்னொரு கோணலும் சேர்கிறது: மேல்நோக்கிப் போகிற காற்றுக்கு எல்லாவற்றிலும் இறுக்கமான அடுக்குத்தான் வேகத்தைத் தீர்மானிக்கும், பக்கவாட்டில் போகிற காற்று எல்லாவற்றிலும் தளர்வான அடுக்கைத் தேடி ஓடும். உங்கள் வைக்கோலுக்குள் காற்று தாராளமாக வந்து போகிறது. தும்புத்தூளுக்குக் கீழே இருக்கிற மரக்கறிக்கு அதில் ஒன்றும் கிடைப்பதில்லை.

கணக்கில் விருப்பமுள்ளவர்களுக்கு ஒரு சங்கதி. துளையுள்ள ஓர் அடுக்கை மேலும் கீழும் மூடி, அடியில் சூடாக்கினால் உள்ளே இருக்கிற காற்றோ நீரோ உடனே சுழலத் தொடங்காது. துளைகளின் இலகு, தடிப்பு, வெப்ப வித்தியாசம் எல்லாம் சேர்ந்த ஓர் எண் ஏறத்தாழ 40 ஐத் தாண்டவேண்டும்; அதுவரை சூடு கடத்தலால் மட்டுமே போகும். 1945 இல் ஹோர்ட்டன், ரோஜர்ஸ் என்ற ஆய்வாளர்களும், 1948 இல் லாப்வுட் என்பவரும் கண்ட எல்லை இது. உங்கள் குவியல் பக்கங்களில் திறந்திருப்பதால் அந்த எல்லைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. பக்கத்துக்கும் நடுவுக்கும் சிறிய வெப்ப வித்தியாசம் இருந்தாலே ஓட்டம் தொடங்கும். ஆனாலும் அது பலமாக இருக்க அதே மூன்றும் வேண்டும், மூன்றிலும் உங்கள் கைக்குள் இருப்பது துளைதான்.

அந்த மூலைக்கு வருவோம். காற்று முதலில் எங்கேயோ கொஞ்சம் தளர்ந்த இடத்தால் போயிருக்கும். போன இடம் உலரும். உலர்ந்தால் துளை இன்னும் திறக்கும். திறந்தால் இன்னும் காற்று அதே வழியால் போகும். இப்படி ஒரு பாதை தானாக விழுந்துவிட்டால் மற்ற இடங்களுக்குப் பங்கு குறையும். வெள்ளைத் தூள் சூடான, உலர்வான இடத்தில் வளரும் அக்டினோமைசீட் என்ற நுண்ணுயிர், குவியலுக்குக் கெடுதல் இல்லை. ஆவி பகலிலும் வருகிறது, வெளிக்காற்று குளிர்ந்திருக்கும் காலையில்தான் கண்ணுக்குத் தெரிகிறது.

பைப் விஷயத்தில் எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. நடுவில் நிமிர்த்தி இறக்கினால் அதுவே இன்னொரு மூலையாகிவிடும்: சுற்றிவர ஒரு சாண் அகலத்தை உலர்த்தி, சூட்டை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். இறுகிய அடுக்கு அப்படியே கிடக்கும். இ.எம். வாங்கக் காசு செலவழிக்காதீர்கள், சாணத்தில் நுண்ணுயிர் தாராளம்.

செய்ய வேண்டியது பிரித்துப் போடுவது. அடியில் முக்கால் அடிக்குப் பொச்சுமட்டைத் துண்டு, கிளிரிசிடியாத் தடி, மூங்கில் என்று பருமனானதைக் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்புங்கள். கீழ்க்காற்று வரும் வழி அது. மற்றதெல்லாவற்றையும் நிலத்தில் கொட்டி மண்வெட்டியால் கலந்து அதன்மேல் ஏற்றுங்கள். ஈரக்கழிவு ஒரு கூடைக்கு வைக்கோல், சருகு, நறுக்கிய சுள்ளி போன்ற உலர்ந்தது இரண்டு கூடையளவு. தும்புத்தூளை அடுக்காகப் போடாமல் தூவிக் கலவுங்கள். நாலடி உயரம் காணும். ஐந்தடி போட்டால் தன் பாரத்திலேயே அடி நசிந்து துளை மூடும்.

அடுக்காகப் போடச் சொல்லும் படத்தை நானும் பார்த்திருக்கிறேன். 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடையான மாதங்களில் கொழும்பில் பலர் அதைப் பார்த்துத்தான் குவியல் போட்டார்கள். எதை எவ்வளவு சேர்ப்பது என்று அளக்க அடுக்கு வசதி. அளந்த பிறகு கலக்கவேண்டும் என்பதைத்தான் படத்தில் காணவில்லை.

ஈரம் பார்க்கக் கைப்பிடி போதும். நடுவிலிருந்து ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் இரண்டொரு துளி வந்தால் சரி. ஒழுகினால் உலர்ந்தது சேருங்கள். உதிர்ந்தால் அப்போது தண்ணீர் தெளிக்கலாம்.

மே தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை நேரத்தில் மூடாமல் முடியாது, உண்மைதான். ஆனால் பொலித்தீன் குவியலில் படக்கூடாது. நாலு தடி நட்டு, ஓர் அடி உயரத்தில் கூரைபோலச் சரித்துக் கட்டுங்கள். ஆவி வெளியேறும், சொட்டிய நீர் திரும்ப உள்ளே விழாது. மடிப்பில் நீர் தேங்கவிடாதீர்கள். டெங்கு நுளம்பு முட்டையிட அது காணும், பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்தால் கொம்போஸ்ட் என்று சொல்லித் தப்பமுடியாது. எலி நடமாட்டம் இருந்தால் கையுறையும் பூட்சும் போட்டுக்கொண்டு புரட்டுங்கள், எலிக்காய்ச்சல் விளையாட்டல்ல.

சூடு பார்க்க வெப்பமானி இல்லாவிட்டால் அலவாங்கைப் பத்து நிமிடம் குத்திவைத்து இழுத்து, முனையைத் தொடுங்கள். பிடித்திருக்க முடியாவிட்டால் வேண்டிய சூடு வந்துவிட்டது. திறந்த குவியலுக்கு வழமையான அளவு, 55 பாகைக்குக் குறையாமல் 15 நாள், அதற்குள் ஐந்து தடவை புரட்டல். வெளிப்பக்கத்தில் கிடந்தது ஒவ்வொரு தடவையும் உள்ளே போகவேண்டும்.

அடியில் கிடக்கிற கறுப்புக் கூழைக் கீரைப் பாத்திக்குக் கொண்டுபோகாதீர்கள். வேர் கருகும், கீரை பச்சையாக வெட்டி விற்கிற பயிர் என்பதால் கிருமிப் பயமும் உண்டு. அதையும் புதுக் குவியலில் கலந்துவிடுங்கள். புரட்டியும் சூடு ஏறாத நிலை வந்தபின் ஒரு மாதம் ஆறவிட்டு, மண்வாசம் வந்ததும் முதலில் வெண்டிக்குப் போட்டுப் பாருங்கள்.