இரட்டைச் சாய்வு மோட்டார் ராக்கெட்: வாங்குமுன் கேட்க வேண்டியவை

கேள்வி: 102 மி.மீ. விட்டமுள்ள உயர்திறன் மாதிரி ராக்கெட் கிட் ஒன்றை வாங்க எண்ணியிருக்கிறேன். 29 மி.மீ. மோட்டார்கள் இரண்டு, வெளிப்பக்கமாகச் சாய்ந்த நிலையில், உடற்குழாயின் இருபுறமும் பிளவுகள் வழியே எட்டிப் பார்க்கும் அமைப்பு அது. “10 டிகிரி சாய்வு இருப்பதால் ஒரு மோட்டார் பற்றாமல் போனாலும் ராக்கெட் நேராகவே செல்லும்” என்று விற்பனைக் குறிப்பில் எழுதியிருக்கிறார்கள். இதை நம்பி வாங்கலாமா?

பதில்: சாய்வு எத்தனை டிகிரி என்பதை மட்டும் சொல்லிவிட்டு, ஈர்ப்பு மையம் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லாத குறிப்பு அரைகுறையானது. மோட்டாரைச் சாய்த்துப் பொருத்துவதன் பயனே அதன் உந்துவிசைக் கோடு ராக்கெட்டின் ஈர்ப்பு மையம் வழியாகவோ அதற்கு மிக அருகிலோ செல்லும்படி செய்வதுதான். அப்படிச் சென்றால், இரண்டில் ஒன்று மட்டும் எரியும்போதும் ராக்கெட்டைத் திருப்பும் விசை ஏறத்தாழ இல்லாமல் போகும். கோடு அந்த இடத்தைத் தவறவிட்டால் சாய்வு வெறும் அழகுக்கு மட்டுமே.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மோட்டாரில் சூடான வாயு பீறிடும் வாயான நாசிலின் மையம் ராக்கெட்டின் அச்சிலிருந்து 55 மி.மீ. தள்ளி இருக்கிறது என்றும், மோட்டார்கள் ஏற்றப்பட்ட நிலையில் ஈர்ப்பு மையம் நாசிலுக்கு 700 மி.மீ. மேலே இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். 55-ஐ 700-ஆல் வகுத்து, அந்த விகிதத்தை டேன்ஜென்ட்டாகக் கொண்ட கோணத்தைக் கண்டால் ஏறத்தாழ 4.5 டிகிரி கிடைக்கும். இந்த ராக்கெட்டுக்குத் தேவையான சாய்வு அவ்வளவுதான். அதையே 10 டிகிரி சாய்த்தால் உந்துவிசைக் கோடு நாசிலுக்கு 312 மி.மீ. மேலேயே அச்சைக் கடந்து மறுபக்கம் போய்விடும். ஈர்ப்பு மையத்தை எட்டும்போது அதிலிருந்து 67 மி.மீ. விலகியிருக்கும். சாய்க்காமல் நேராகப் பொருத்தியிருந்தால் இந்த விலகல் 55 மி.மீ. மட்டுமே. அதாவது, பாதுகாப்புக்கென்று விற்கப்படும் சாய்வு, சாய்வே இல்லாத அமைப்பைவிட மோசமான நிலையில் உங்களைக் கொண்டுபோய் நிறுத்துகிறது. வால் இறக்கைகள் இதைச் சரிசெய்துவிடும் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். இறக்கைகளின் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்பவே வளரும் என்பதால், ஏவு தண்டவாளத்தை விட்டுக் கிளம்பும் அந்த முதல் நொடியில், மிக அதிகமாகத் தேவைப்படும் நேரத்தில், அவை மிகக் குறைவாகவே உதவும்.

அதற்காக 10 டிகிரி என்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. மோட்டார்கள் வாலில் அல்லாமல் உடலின் நடுப்பகுதியில், ஈர்ப்பு மையத்துக்கு 300 மி.மீ. அளவே கீழே வெளிவரும் வடிவமைப்பாக இருந்தால் அதே 10 டிகிரி மிகப் பொருத்தமானது. ஆகவே விற்பவரிடம் இரண்டு அளவுகளைக் கேளுங்கள்: அச்சிலிருந்து நாசில் எவ்வளவு தள்ளி இருக்கிறது, மோட்டார் ஏற்றிய நிலையில் நாசிலிலிருந்து ஈர்ப்பு மையம் எவ்வளவு தூரம். இந்த இரண்டையும் தர முடியாத கிட்டை, படம் எவ்வளவு அழகாக இருந்தாலும், நான் வாங்க மாட்டேன்.

சாய்வினால் உந்துவிசை வீணாகுமே என்ற கவலை பலருக்கு உண்டு. 10 டிகிரியில் இழப்பு 1.5 சதவீதம், 20 டிகிரியில்தான் அது 6 சதவீதத்தைத் தொடும். பொருட்படுத்த வேண்டியதில்லை.

கேள்வி: இந்த ராக்கெட்டுக்கு ‘எச்’ வகை மோட்டார் இரண்டு வாங்குவதா, அல்லது வேறு கிட்டுக்கு மாறி ‘ஐ’ வகை ஒன்றே வாங்குவதா? என்னிடம் முதல் நிலைச் சான்றிதழ் மட்டுமே இருக்கிறது.

பதில்: மோட்டார் வகையைக் குறிக்கும் எழுத்து அதன் மொத்தக் கணத்தாக்கை, அதாவது சராசரி உந்துவிசையை எரியும் நேரத்தால் பெருக்கி வரும் அளவைச் சொல்கிறது, ஒவ்வோர் எழுத்துக்கும் உச்ச வரம்பு இருமடங்காகிறது. ‘எச்’ என்பது 160-க்கு மேல் 320 நியூட்டன்-விநாடி வரை, ‘ஐ’ என்பது 640 வரை, ‘ஜே’ என்பது 1280 வரை. 1957-இல் தொடங்கப்பட்ட அமெரிக்க தேசிய ராக்கெட்டரி சங்கத்தின் விதிப்படி முதல் நிலைச் சான்றிதழ் 640 நியூட்டன்-விநாடி வரை அனுமதிக்கிறது. இங்கே கணக்கில் வருவது ஒரு மோட்டாரின் அளவு அல்ல, ராக்கெட்டில் ஏற்றப்பட்ட எல்லா மோட்டார்களின் கூட்டுத்தொகை. எனவே ‘எச்’ இரண்டு என்றால் எப்படிப் பார்த்தாலும் உங்கள் வரம்புக்குள்தான். ‘ஐ’ இரண்டு என்றால் கூட்டுத்தொகை 640-ஐத் தாண்டிவிடும், இரண்டாம் நிலை வேண்டும், அதற்கு எழுத்துத் தேர்வும் உண்டு. கிட்டின் உறையில் “29 மி.மீ. மோட்டார்களுக்கு ஏற்றது” என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, அந்த விட்டத்தில் கிடைக்கும் ‘ஐ’ மோட்டார்களைச் சோடியாக வாங்கி வைத்துக்கொண்டு, ஏவுகளத்தில் திருப்பி அனுப்பப்பட வேண்டாம்.

வகையைவிட முக்கியமானது சராசரி உந்துவிசை. மோட்டாரின் பெயரில் எழுத்துக்கு அடுத்து வரும் எண் அதுதான். ‘எச்128’ என்றால் சராசரியாக 128 நியூட்டன். உங்கள் ராக்கெட் ஏவும் நிலையில் 4 கிலோ என்றால் அதன் எடை ஏறத்தாழ 39 நியூட்டன். அத்தகைய மோட்டார் இரண்டும் சேர்ந்து 256 நியூட்டன் தரும்போது உந்துவிசை எடையைப் போல் ஆறரை மடங்கு. ஒன்று மட்டும் எரிந்தால் மூன்றேகால் மடங்கு. மேற்சொன்ன சங்கத்தின் விதி, எடை சராசரி உந்துவிசையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது. அனுபவசாலிகள் ஐந்து மடங்காவது இருக்க வேண்டும் என்பார்கள். இரட்டை மோட்டார் ராக்கெட்டுக்கு என் அளவுகோல் சற்றுக் கடுமையானது: இரண்டும் எரிந்தால் ஐந்து மடங்குக்கு மேல், ஒன்றே எரிந்தாலும் மூன்றுக்குக் குறையாமல். இந்த இரண்டாவது நிபந்தனையை நிறைவேற்றாத சோடியை வாங்கினால், சாய்வுக் கோணம் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அது பாதிப் பாதுகாப்புதான்.

மோட்டாரின் பெயரில் கடைசியாக வரும் எண், எரிந்து முடிந்தபின் எத்தனை விநாடி கழித்துப் பாராசூட்டைத் தள்ளும் வெடிமருந்து பற்றும் என்பதைக் குறிக்கிறது. ஒற்றை மோட்டாருக்கு இது வசதியான ஏற்பாடு. இரட்டையில் ஒன்று பற்றாமல் போனால் ராக்கெட் எட்டும் உயரம் குறைந்து, உச்சியும் முன்கூட்டியே வந்துவிடும். இரண்டும் எரியும் என்று எண்ணித் தேர்ந்தெடுத்த தாமதம் முடிவதற்குள் ராக்கெட் தலைகீழாகி வேகமெடுத்திருக்கும். ஆகவே காற்றழுத்தத்தைக் கொண்டு உச்சியை உணர்ந்து பாராசூட்டை வெளியேற்றும் மின்னணு ஆல்டிமீட்டருக்கும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள். கிட்டின் விலையில் அது பெரும்பாலும் அடங்காது. அபாயகரச் சரக்கு என்ற வகையில் மோட்டார்களுக்கு விதிக்கப்படும் தனி அனுப்புக் கட்டணமும் அடங்காது. மோட்டார்களை ஒரே ஆர்டரில் சேர்த்து வாங்குவது அந்த வகையில் மிச்சம்.

கேள்வி: மோட்டாரைப் பற்றவைக்க அதனுடன் வரும் இக்னைட்டரே போதுமா? தனியாக விலை கொடுத்து வாங்கச் சொல்கிறார்கள்.

பதில்: ஒற்றை மோட்டாருக்குப் போதும். உங்களுடையதற்கு, ஒரே தயாரிப்பைச் சேர்ந்த, ஒரே தொகுதியில் வந்த இரண்டு வேண்டும். மோட்டார்களோடு வந்தவை அப்படி இருந்தால் அவையே போதும், இல்லையென்றால் தனியாக வாங்குங்கள். இத்தகைய மோட்டார்களில் உள்ள அம்மோனியம் பெர்குளோரேட் கலவை எரிபொருள், கருமருந்தைப் போலப் பொறி பட்டதும் பற்றிக்கொள்வதில்லை; உள்ளே அழுத்தம் சேர்ந்த பிறகே முழு விசையைத் தரும், அதற்கு ஆகும் நேரம் மோட்டாருக்கு மோட்டார் சற்று வேறுபடும். ஒன்று முந்திக்கொண்டால் ராக்கெட் கிளம்பிவிடும்; கிளம்பும்போது இன்னொன்றின் இக்னைட்டர் கம்பியையும் இழுத்துக்கொண்டு போகும். அதற்குப் பிறகு அந்த மோட்டார் பற்றவே வழியில்லை. இக்னைட்டரின் முனை எரிபொருள் துளையின் மேல்முனை வரை சென்றிருக்க வேண்டும். சாய்ந்த குழாயில் கம்பி மெல்லக் கீழே நழுவும் என்பதால் நாசில் வாயில் நாடாவோ மூடியோ கொண்டு அதைப் பிடித்து நிறுத்துவது அவசியம்.

இரண்டையும் பக்க இணைப்பில்தான் இணைக்க வேண்டும். தொடர் இணைப்பில் முதலாவது எரிந்து அறுந்ததும் இரண்டாவதுக்கு மின்சாரம் நின்றுவிடும். பன்னிரண்டு வோல்ட் பேட்டரி வலுவானதாக இருக்கட்டும், கம்பி தடிமனாகவும் குட்டையாகவும் இருக்கட்டும். நெடுநாள் திறந்து கிடந்த பழைய எரிபொருளை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்காதீர்கள்: மேற்பரப்பு ஆக்சைடாகிப் பற்றத் தாமதிக்கும், அந்தத் தாமதம்தான் இங்கே எதிரி.

கேள்வி: உடற்குழாய்க்குள் மோட்டாரைத் தாங்குவதற்காகக் கிட்டில் உள்ள பிளைவுட் வளையங்களில் மோட்டார் குழாய் இறுக்கமாகப் பொருந்தவில்லை. தரக்குறைவு என்று திருப்பி அனுப்பலாமா? ஒட்டுவதற்கு எந்தப் பசை?

பதில்: அவசரப்பட்டுத் திருப்பி அனுப்ப வேண்டாம். சாய்ந்த குழாய் தட்டையான வளையத்தின் ஊடே செல்லும்போது துளை வட்டமாக இருக்க முடியாது, நீள்வட்டமாகவே இருக்கும். 31 மி.மீ. வெளிவிட்டமுள்ள குழாய், 10 டிகிரி சாய்வு, 6 மி.மீ. பிளைவுட் என்றால் துளையின் நீண்ட அச்சு 32.5 மி.மீ. அளவாவது இருந்தால்தான் குழாய் நுழையும். லேசர் செங்குத்தாகவே வெட்டும் என்பதால் ஒரு பக்கத்தின் மேல் விளிம்பிலும் எதிர்ப்பக்கத்தின் கீழ் விளிம்பிலும் ஆப்பு வடிவ இடைவெளி நிற்கும். அது இயல்பு, நூலிழைத் தூளோ சிலிக்காவோ கலந்து கெட்டியாக்கிய எபாக்சியால் நிரப்பினால் அதுவே வலுவான மூட்டாகும். மாறாக, துளை முழு வட்டமாக இருந்து, குழாய் எல்லாப் பக்கமும் தொளதொளவென்று ஆடினால் வளையங்கள் நேரான மோட்டாருக்காக வெட்டப்பட்டவை. தயங்காமல் மாற்றிக் கேளுங்கள்.

ஐந்து நிமிடத்தில் இறுகும் எபாக்சியை இங்கே பயன்படுத்தக் கூடாது. இரண்டு குழாய்களும் ஒரே கோணத்தில், ஒரே தளத்தில் இருக்கின்றனவா என்று பார்த்துத் திருத்த அது நேரம் தராது. வெப்பத்தில் விரைவில் இளகவும் செய்யும். மெதுவாக இறுகும் வகையை வாங்கி, ஒட்டும் பரப்பை 80 எண் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கிய பின் ஒட்டுங்கள். ஃபைபர் கிளாஸ் பாகங்களாக இருந்தால் அச்சிலிருந்து எளிதில் பிரிவதற்காகத் தடவிய மெழுகு மேலே ஒட்டியிருக்கலாம். முதலில் சோப்பு நீரில் கழுவுங்கள், தேய்க்கும்போது முகக்கவசம் கட்டாயம்.

வால் இறக்கைகள் மூன்றா நான்கா என்பதையும் ஒட்டுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். எதிரெதிராக இரண்டு மோட்டார்கள் இருக்கும்போது நான்கு இறக்கைகளை 45 டிகிரி தள்ளி வைத்தால் தீச்சுவாலை இரண்டு பக்கமும் இடைவெளியில் போகும். மூன்று இறக்கைகள் என்றால் ஏதோ ஒரு பக்கத்தில் அது இறக்கைமேல் நெருங்கும்.

கேள்வி: கார் போலப் பளபளப்பாக வண்ணம் பூச ஆசை. எத்தனை கோட்டிங் பூசலாம், என்னென்ன வாங்க வேண்டும்?

பதில்: ஆசை நியாயமானதுதான், ஆனால் தராசையும் சேர்த்து வாங்குங்கள். பட்டி, பிரைமர், வண்ணம், மேற்பூச்சு என்று வால் பகுதியில் மட்டும் 100 கிராம் கூடிவிட்டால், முன்பு சொன்ன 4 கிலோ ராக்கெட்டில் ஈர்ப்பு மையம் 17 மி.மீ. பின்னுக்கு நகரும். மோட்டார் சாய்வுக்கு அது பெரிதல்ல, ஒரு மில்லிமீட்டர் அளவு விலகல்தான் வரும். நிலைத்தன்மைக்கு அப்படியல்ல: ஈர்ப்பு மையம், காற்றின் விசைகள் ஒருசேரச் செயல்படும் புள்ளியான அழுத்த மையத்துக்கு உடலின் ஒரு விட்டத்தளவாவது முன்னே இருக்க வேண்டும் என்னும் பொது விதியில், 102 மி.மீ. விட்டத்தின் ஆறில் ஒரு பங்கை வண்ணமே தின்றுவிடுகிறது. மோட்டார்கள் இரண்டும் வாலிலேயே இருக்கும் இந்த அமைப்பில் அந்த இடைவெளி ஏற்கெனவே குறுகியது. ஆகவே மூக்குக் கூம்புக்குள் எடை சேர்க்கும் வேலையை வண்ணம் காய்ந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள், முன்பே ஊற்றி மூடிவிடாதீர்கள்.

எபாக்சி பூசிய இடங்களில் இறுகியபின் மெழுகு போன்ற பிசுக்கு படிந்திருக்கும். அது தண்ணீரிலேயே போகும். கழுவாமல் உப்புத்தாள் போட்டால் பிசுக்கு உள்ளே தேய்ந்து, பிரைமர் பின்னாளில் உரியும். அட்டைக் குழாயின் சுருள் பள்ளங்களைப் பட்டி போட்டு நிரப்பி, பிரைமர் அடித்து, 220, 320, 400 எண் தாள்களால் படிப்படியாகத் தேயுங்கள். தேய்த்து எடுப்பதில் எடையும் குறையும் என்பது கூடுதல் லாபம். பிரைமர், வண்ணம், மேற்பூச்சு மூன்றையும் ஒரே தயாரிப்பாளரின் ஒரே வகையில் வாங்குவது நல்லது. எனாமல் மேல் லாக்கர் அடித்தால் பூச்சு சுருங்கிப் பொரிந்துவிடும். உலோகத் துகள் கலந்த வண்ணம் கண்ணைப் பறிக்கும்தான், ஆனால் உள்ளே ஜிபிஎஸ் அல்லது ரேடியோ கருவி இருக்கும் பகுதிக்கு அது வேண்டாம், அலைகளை மங்கச் செய்யக்கூடும். நாசில்கள் எட்டிப் பார்க்கும் பிளவுகளைச் சுற்றி வெப்பம் தாங்கும் கறுப்பு வண்ணம் போதும். முதல் ஏவலிலேயே அந்த இடம் புகைபடிந்து கறுக்கப்போவதுதான்.

கேள்வி: வேறொருவர் கட்டி முடித்து, வண்ணமும் பூசிய இதே ராக்கெட் பாதி விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

பதில்: சான்றிதழுக்காக ஏவுவதாக இருந்தால் கூடாது, அந்த ராக்கெட்டை நீங்களே கட்டியிருக்க வேண்டும் என்பது விதி. வெறும் பொழுதுபோக்குக்கு என்றால், உள்வளையங்களை ஒட்டியபோது எடுத்த படங்களைக் கேளுங்கள். படம் இல்லையென்றால், இரண்டு மோட்டார் குழாய்களிலும் நீண்ட நேரான குச்சிகளைச் செருகி, அச்சுக்கு இருபுறமும் ஒரே கோணத்தில் விரிகின்றனவா என்று நேரில் அளந்து பாருங்கள். ஒரு டிகிரி வித்தியாசம் கண்ணில் பட்டாலும், இறுகிப்போன எபாக்சியை யாராலும் திருத்த முடியாது. பாதி விலை மிச்சம் என்று வாங்குவது அங்கே முழு விலையும் நட்டமாக முடியும்.